பட்டறைக்குப் போன பணம்

1932ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 28ஆம் நாள். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், அனகோஸ்டியா ஆற்றங்கரையில், தகரமும் பலகையும் கொண்டு கட்டிய குடிசைகள் எரிந்துகொண்டிருந்தன. கண்ணீர்ப்புகை ஒருபுறம், குதிரைப்படை ஒருபுறம், டாங்கி வண்டிகள் ஒருபுறம். பகைநாட்டார் படையெடுத்து வந்தனரோ? இல்லை! வந்தது அமெரிக்கப் படை. நடத்தி வந்தவர் தளபதி மக்கார்தர். ஆட்சியில் இருந்தவர் ஹூவர். விரட்டப்பட்டவர்களோ, முதல் உலகப் போரிலே அதே அமெரிக்காவுக்காகத் துப்பாக்கி ஏந்தியவர்கள். அவர்கட்கு 1924ல் ஒரு பத்திரம் கொடுத்திருந்தார்கள். பணம் 1945ல் தரப்படும் என்று அதில் எழுதியிருந்தது. இடையிலே பெருமந்தம் வந்தது; வேலை போயிற்று; அடுப்பு அணைந்தது. பத்திரத்தை வேகவைத்துத் தின்ன முடியுமா? இப்போதே கொடுங்கள் என்று கேட்க வந்தார்கள். புகைக்குண்டு கிடைத்தது.

தொழிற்கல்விக்கு அரசு பணம் கொடுத்த கதையைச் சொல்ல வந்த நாம் ஏன் எரிந்த குடிசையில் தொடங்குகிறோம்? காரணம் உண்டு, தோழர்களே! இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், திரும்பி வரப்போகும் ஒன்றரைக் கோடிப் பேரை என்ன செய்வது என்று அமெரிக்க ஆட்சியாளர் எண்ணிப் பார்த்தபோது, அந்தத் தீயின் நினைவு அவர்கள் கண்முன் நின்றது. அருளால் பிறந்த சட்டம் என்பதைவிட, அச்சத்தால் பிறந்த சட்டம் என்பதே பொருந்தும். 1944 ஜூன் 22ஆம் நாள் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். போர்வீரர் மறுவாழ்வுச் சட்டம் என்பது அதன் பெயர். மக்கள் வழங்கிய பெயர் ஜி.ஐ. சட்டம்.

அந்தச் சட்டம் என்ன சொன்னது? போர்வீரன் எங்கே படிக்க விரும்பினாலும் ஆண்டுக்கு 500 டாலர் வரை கட்டணத்தை அரசு பள்ளிக்குக் கட்டும். அவன் சாப்பாட்டுக்குத் திங்கள்தோறும் 50 டாலர், குடும்பஸ்தன் என்றால் 75 டாலர். திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. கடன் அல்ல, கொடை! பெரிய இடத்துப் பேராசான்கள் சிலர் முகம் சுளித்தனர். ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் கோனன்ட் கவலைப்பட்டார். சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் ஹட்சின்ஸ், படிப்பின் பெயரால் ஊர் சுற்றும் நாடோடிக் கூட்டம் பெருகும் என்று எழுதினார். வந்து சேர்ந்த வீரர்களோ நன்றாகவே படித்தார்கள்.

ஆனால் கல்லூரிக் கதையை மட்டும் சொல்பவர்கள் பாதிக் கதையைக்கூடச் சொல்லவில்லை. இந்தச் சட்டத்தால் பயன்பெற்றோர் ஏறத்தாழ 78 லட்சம் பேர். அவர்களிலே கல்லூரி வாயிலை மிதித்தவர் சுமார் 22 லட்சம். எஞ்சிய 56 லட்சம் பேர் எங்கே போனார்கள்? கடைசல் இயந்திரத்தின் முன்னே நின்றார்கள். இரும்பைப் பற்றவைக்கக் கற்றார்கள். மின்கம்பி இழுக்க, குழாய் பொருத்த, வானொலி பழுது பார்க்க, உழவைப் புதுமுறையில் செய்யக் கற்றார்கள். பட்டம் பெற்றவனுக்குப் படமெடுத்து மாட்டிய வரலாறு, பட்டறைக்குப் போனவனை ஒரு வரியில் முடித்துவிட்டது. தொழில் என்றால் தந்தை விட்டுச் சென்றது, பிறப்போடு ஒட்டிக்கொண்டது என்று கேட்டுக் கேட்டுப் புளித்த காதுகள் நம்முடையவை. அரசே பணம் கொடுத்து, எவன் பிள்ளையும் எந்தத் தொழிலும் கற்கலாம் என்று சொன்னதை நாம் எளிதில் தள்ளிவிட முடியுமா?

இந்த எண்ணத்துக்கு விதை முன்னரே ஊன்றப்பட்டிருந்தது. வெர்மான்ட் மாநிலத்துக் கொல்லர் ஒருவரின் மகன் ஜஸ்டின் மாரில். வறுமையால் பதினைந்து வயதிலேயே பள்ளியை விட்டவர். அவர் கொண்டுவந்த சட்டத்தில் 1862ல் லிங்கன் கையெழுத்திட்டார். உழவும் இயந்திரக் கலையும் கற்பிக்கும் கல்லூரிகளுக்காக மாநிலங்கட்கு நிலம் கிடைத்தது. அந்த நிலம் பழங்குடி மக்களிடமிருந்து பறித்த நிலம் என்பதையும் சொல்லாமல் விட நமக்கு மனம் வரவில்லை. 1917ல் ஸ்மித்-ஹியூஸ் சட்டம், உயர்நிலைப் பள்ளிகளிலே தொழிற்பயிற்சிக்கு நடுவணரசுப் பணத்தைத் திறந்துவிட்டது. ஆனால் இவையெல்லாம் பள்ளிக்குக் கொடுத்த பணம். படிப்பவனைப் பார்த்து, நீ தேர்ந்தெடு, நான் கட்டுகிறேன் என்றது 1944ஆம் ஆண்டுச் சட்டமே.

எல்லோரையும் பார்த்துச் சொன்னதா? அங்கேதான் கறை! சட்டத்தின் சொற்களிலே நிறவேற்றுமை இல்லை. நிறைவேற்றும் பொறுப்போ உள்ளூர் அலுவலர்கள் கையில் விடப்பட்டது. தென் மாநிலங்களில் அந்த அலுவலர்கள் வெள்ளையர். மேடையில் சமத்துவம், மேசையில் சாதி. நமக்குப் பழக்கப்படாத வித்தையா இது? நீக்ரோ வீரன் தச்சு கற்கக் கேட்டால், உனக்குக் கூலிவேலை இருக்கிறதே என்று திருப்பி அனுப்பினார்கள். மிசிசிப்பி மாநிலத்தின் 13 நகரங்களில் 1947ல் இதே சட்டத்தின்கீழ் வீடு, தொழில், பண்ணைக்காக உறுதியளிக்கப்பட்ட கடன்கள் 3,229; கறுப்பு மக்களுக்குக் கிடைத்தவை இரண்டு. இரண்டு நூறு அல்ல, இரண்டு.

மற்றொரு கறையும் உண்டு. அரசுப் பணம் ஆறாக ஓடுகிறது என்றதும் கரையெல்லாம் கடை முளைத்தது. கூரை ஒன்று, கருவி இரண்டு, பெயர்ப்பலகை ஒன்று, உடனே தொழிற்பள்ளி! கட்டண உச்சவரம்பு 500 என்றால் கட்டணமும் அங்கேயே போய் நின்றது. வேலையே இல்லாத தொழில்களுக்கு ஆயிரக்கணக்கில் ஆள் பயிற்றினார்கள். பொழுதுபோக்கு வகுப்புகளுக்குக்கூட அரசு கட்டணம் கட்டியது. 1948ல் அதற்குத் தடை போட வேண்டியதாயிற்று. டெக்சாஸ் உறுப்பினர் டீக் தலைமையில் அமைந்த நாடாளுமன்றக் குழு இந்தக் குப்பையைக் கிளறியது. அதன் விளைவாக, 1952ல் கொரியப் போர் வீரர்களுக்கு வந்த சட்டம் முறையை மாற்றிற்று. பணம் பள்ளிக்குப் போகாது. திங்களுக்கு 110 டாலர் வீரன் கைக்கே போகும். அவன் பேரம் பேசிக் கட்டிக்கொள்வான். பள்ளிக்கு ஒரு நிபந்தனையும் வைத்தார்கள்: நூறு மாணவரில் 85 பேருக்கு மேல் அரசுப் பணத்தில் படிப்பவராக இருத்தல் ஆகாது, தன் காசைக் கொடுத்துச் சேர்பவர் பதினைந்து பேராவது வேண்டும். எளிய சோதனை, ஆனால் கூர்மையான சோதனை. தன் காசைக் கொடுத்து ஒருவனும் வராத கடையில் சரக்கு என்ன இருக்கும்?

இதுவரை கொடை. இனிக் கடன் வருகிறது.

1957ல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை வானில் ஏவியது. பதறிய அமெரிக்கா அடுத்த ஆண்டே கல்லூரி மாணவர்க்குக் குறைந்த வட்டியில் அரசுக் கடன் தந்தது. தொழிற்பள்ளி மாணவன்? அவனை 1965 அக்டோபரில் தனிச் சட்டம் ஒன்றால் சேர்த்துக்கொண்டார்கள்: கடன் வங்கி கொடுக்கும், உறுதி அரசு கொடுக்கும். சில நாட்களில், நவம்பர் 8ஆம் நாள், ஜான்சன் தாம் பயின்ற டெக்சாஸ் கல்லூரியிலேயே உயர்கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். படிப்புச் செலவுக்காக இடையிலே மெக்சிக வழிவந்த ஏழைப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தவர் அவர். ஏழ்மையை ஏட்டில் மட்டும் படித்தவர் அல்லர். 1972ல் ஏழை மாணவர்க்கெனக் கொடை வந்தது. செனட்டர் கிளெய்போன் பெல் பெயர் 1980ல் அதற்குச் சூட்டப்பட்டது. இலாபத்துக்கு நடக்கும் தொழிற்பள்ளிகளுக்கும் அந்தக் கதவு திறந்தது. முதல் ஆண்டில் உச்சத்தொகை 452 டாலர். 1970களின் நடுவில் அரசுப் பல்கலைக்கழகத்தில் படித்துத் தங்கும் செலவில் முக்கால் பங்கை அது தாங்கியது. இந்நாளில் மூன்றில் ஒரு பங்கைத் தாங்கினாலே பெரிது. தொகை கூடவில்லையா? கூடிற்று, 7,395 டாலர் வரை கூடிற்று. கட்டணம் குதிரையில் போயிற்று, கொடை கால்நடையாகப் பின்னே வந்தது. இடைவெளியை நிரப்பியது கடன்.

கடன் வந்ததும் 1944ன் கூத்து மறுபடி அரங்கேறியது. இம்முறை நட்டம் அரசுக்கு மட்டும் அல்ல, ஏழையின் தலைக்கும்! 1980களில் உதவிப்பணத்துக்காக வேலையற்றோர் நின்ற வரிசைகளிலேயே தரகர்கள் ஆள் பிடித்தார்கள்; தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். முடிதிருத்தம், தட்டச்சு, கனரக வண்டி ஓட்டம் என்று ஆசை காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். 1990ல் கடன் கட்ட முறைவந்தோரில் 100க்கு 22 பேருக்கு மேல் கட்ட இயலாமல் தவறினர். செனட்டர் நன் தலைமையில் விசாரணை நடந்தது. 1992ல் தரகுக் கமிஷனுக்குத் தடை வந்தது. 85க்கு 15 என்ற பழைய விதி, இப்போது பள்ளியின் வருவாய்க் கணக்காகத் திரும்பியது. கற்ற பாடம் எத்தனை நாள் நின்றது? 1998ல் அதை 90க்கு 10 ஆக்கினார்கள். 2002ல் கமிஷன் தடையில் பன்னிரண்டு ஓட்டைகள் போட்டார்கள். அதே 1998ல் மற்றொன்றும் செய்தார்கள்: வணிகன் திவாலானால் கடன் நீங்கும், சூதாடி திவாலானால் கடன் நீங்கும், மாணவனின் அரசுக் கடனோ கொடுந்துயரை வழக்காடி மெய்ப்பித்தால் ஒழிய நீங்காது!

விளைவைப் பாருங்கள். 2015ல் கொரிந்தியன் கல்லூரிகள் மூடப்பட்டன, 2016ல் ஐ.டி.டி. தொழில்நுட்பப் பள்ளிகள் மூடப்பட்டன. 2022ல் கொரிந்தியனில் பயின்ற 5,60,000 பேருடைய 580 கோடி டாலர் கடனையும், ஐ.டி.டி.யில் பயின்ற 2,08,000 பேருடைய 390 கோடி டாலர் கடனையும் அரசு தள்ளுபடி செய்தது. நல்லது. ஆனால் அந்த ஏழாண்டு, ஆறாண்டு காலம் கடன்காரனாக வாழ்ந்தவனுக்கு வாடகை வீடு மறுக்கப்பட்ட நாளை யார் தள்ளுபடி செய்வார்?

இத்தனைக்கும் நடுவே ஒரு வேடிக்கை. பெல் கொடை பெறத் தொழிற்பயிற்சி 600 மணிநேரமாவது, 15 வாரமாவது இருக்க வேண்டும் என்றது விதி. சில வாரங்களில் லாரி ஓட்டுரிமை பெற்றுப் பிழைக்க எண்ணிய ஏழைத் தாய்க்குக் கொடை இல்லை. நேர்மையான பொதுக் கல்லூரியின் குறுகிய வகுப்புக்கும் இல்லை. அதே தொழிலை நீட்டி முழக்கி 600 மணிநேரம் நடத்தும் கடைக்கு உண்டு. இதை மாற்றும் சட்டம் 2025ல் வந்தது. 150 மணிநேரம் முதல் 599 மணிநேரம் வரை, எட்டு வாரத்துக்குக் குறையாத பயிற்சிக்கும் 2026 ஜூலை 1 முதல் கொடை உண்டு என்கிறது அது. சேர்ந்தவரில் 100க்கு 70 பேர் படித்து முடிக்க வேண்டும்; முடித்தவரில் 100க்கு 70 பேர் வேலையில் அமர வேண்டும்; கட்டணமோ, படிப்பால் கூடிய வருவாயை மிஞ்சக் கூடாது. 1952ல் டீக் குழுவினர் கேட்ட கேள்விதான் இது, எழுபது ஆண்டு கழித்து வேறு சொற்களில். போர்வீரர் உதவித்தொகையைத் தனியார் பணமென்று கணக்கெழுதிப் பள்ளிகள் 90க்கு 10 விதியிலிருந்து நழுவிய வழியும் 2021ல்தான் சட்டத்தால் அடைக்கப்பட்டது. அனகோஸ்டியாக் குடிசைகள் எரிந்து அப்போது 89 ஆண்டுகள் ஆகியிருந்தன.