திருமலைராயன்பட்டினம்

காரைக்காலுக்குத் தெற்கே, நாகூருக்கு வடக்கே, வங்கக் கடலை ஒட்டி அமைந்த சிற்றூர் திருமலைராயன்பட்டினம். மலை ஏதும் இல்லாத சமவெளி இது. பின்புறம் நன்செய் வயல், முன்புறம் மணற்கரை. காவிரியின் கிளையாறான திருமலைராஜனாறு இப்பகுதிக்கு நீரூட்டுகின்றது. ஆறும் ஊரும் ஒரே மனிதரின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. விஜயநகர ஆட்சியின்கீழ் 15ஆம் நூற்றாண்டில் இப்பகுதியை ஆண்ட திருமலைராயனே அவர்.

அவனது அவையைப் பற்றிய கதை ஒன்றைத் தமிழுலகம் மறக்கவில்லை. கவி காளமேகம் இங்கு வந்தபோது, அவைப்புலவர் அதிமதுரகவிராயர் அவரை இகழ்ந்தாராம். மன்னனும் இருக்கை தரவில்லையாம். போட்டியில் வென்றும் சிறப்புப் பெறாத கவி, ஊர் மண்மாரியால் அழியுமாறு பாடிச் சென்றார் என்பர். இதனை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளுதல் இயலாது. ஆயினும், கடற்காற்று மணலை வாரி இறைக்கும் கரையில் வாழும் மக்களுக்கு மண்மாரி அச்சமூட்டும் சொல்லாக இருந்திருக்கும். நிலத்தின் இயல்பே கதைக்கு வடிவம் தந்தது என்று நான் கருதுகின்றேன்.

பின்னர் அரசுகள் மாறின. 1739இல் காரைக்கால் தஞ்சை மராட்டிய மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்குச் சென்றது; பிறகு இவ்வூரும் அவர்களைச் சேர்ந்தது. 1760இல் ஆங்கிலேயர் காரைக்காலைப் பிடித்தனர். பலமுறை கைமாறிய பின், 1817இல் பிரெஞ்சுக்காரர் அதனை மீண்டும் பெற்றனர். 1954 நவம்பர் 1இல் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. 1962இல் அது சட்டப்படி உறுதியாயிற்று.

இத்தனை மாற்றத்திற்கும் அசையாத காட்சி ஒன்று உண்டு. மாசிமகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் இவ்வூர்க் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்காக எழுந்தருளுகின்றார். மீனவர் தலைவர் மகளை மணந்தவர் என்பது ஐதிகம். ஆதலின் பட்டினச்சேரி மீனவர்கள் அவரை 'மாப்பிள்ளை' என்றே அழைத்து வரவேற்கின்றனர். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே ஆட்சி எல்லை இருந்தது. இன்றும் திருக்கண்ணபுரம் தமிழ்நாட்டில், இவ்வூர் புதுச்சேரி ஒன்றியப் பகுதியில். மாப்பிள்ளையின் வருகைக்கு எல்லை ஒரு பொருட்டன்று.

ஊரிலுள்ள ஆயிரங்காளியம்மன் கோயிலும் காணத்தக்கது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நிகழும் விழாவில், படைக்கும் பொருள்களை ஆயிரம் ஆயிரமாக வைப்பது வழக்கம்.

மாணவர்களே, உங்கள் ஊரின் வரலாற்றை எழுதப் புகும்போது, ஆண்டவர்களின் பட்டியலோடு நிறுத்திவிடாதீர்கள். ஆற்றுக்குப் பெயர் எப்படி வந்தது, பக்கத்தூருடன் உங்களுக்குள்ள உறவுமுறை யாது என்று முதியோரைக் கேளுங்கள்.