நெஞ்சு படபடப்பும் பேச்சு வைத்தியமும்: ஒரு 150 வருஷக் கதை

1/ விழுப்புரம் பக்கம் ஓபி பார்க்கிற எந்த டாக்டருக்கும் இந்த பேஷண்ட்டைத் தெரியும். கையில் ஒரு கவர். உள்ளே நாலஞ்சு ஈசிஜி, ஒரு எக்கோ, தைராய்டு ரிப்போர்ட். எல்லாம் நார்மல். "சார், திண்டிவனத்துல பஸ் ஏறினா விக்கிரவாண்டி டோல்கேட் வர்றதுக்குள்ள நெஞ்சு அடைக்குது. செத்துடுவேன்னு தோணுது. எறங்கிடறேன்."
(இது ஒருத்தர் கதை இல்லை, பலர் கதையைச் சேர்த்துச் சொல்றேன்.)

2/ நாம என்ன சொல்றோம்? "ஒண்ணும் இல்லம்மா, மனசுதான்." வீட்டுக்குப் போனா பயந்த கோளாறுன்னு மந்திரிச்சு கயிறு கட்டுவாங்க. ரெண்டாலும் அவங்க திரும்ப பஸ் ஏறுவதில்லை. இதற்குப் பெயர் பேனிக் அட்டாக். "மாத்திரை இல்லாம, பேசினாலே சரியாகுமா?" என்று கேட்பவர்களுக்காக இந்த த்ரெட்.

3/ 1871. அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிப்பாய்களைப் பார்த்த ஜேக்கப் டா கோஸ்டா என்ற டாக்டர் ஒரு கட்டுரை எழுதினார். படபடப்பு, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தும் பலருக்கு இதயத்தில் கோளாறு எதுவும் தெரியவில்லை. "எரிச்சலுற்ற இதயம்" என்று பெயர் வைத்தார். ஆக, நம்ம கவர் பேஷண்ட்டுக்கு வயசு 150க்கு மேல்!

4/ 1895ல் ஃப்ராய்ட் இந்தப் பதற்றத்தைத் தனி நோயாகப் பிரித்துக் காட்டினார். பேசிப் பேசியே குணப்படுத்தும் முறையையும் பிரபலமாக்கினார். ஆனால் அது வருஷக்கணக்கில் இழுக்கும். பலன் உண்டா என்று முறையாக யாரும் சோதிக்கவும் இல்லை.

5/ 1960களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் டொனால்ட் க்ளைன், இமிப்ரமின் மாத்திரை கொடுத்தால் இந்தத் திடீர் தாக்குதல்கள் நிற்பதைக் கவனித்தார். "சாகப்போறேன்" என்று நர்ஸிடம் ஓடி வந்தவர்கள் ஓடி வருவது நின்றது. 1980ல் பேனிக் டிஸார்டர் அமெரிக்க மனநல நோய்ப் பட்டியலில் தனியாக ஏறியது. 'அப்போ மாத்திரைதான் வழி' என்று பலர் நினைத்தார்கள்.

6/ 1986ல் டேவிட் க்ளார்க் வேறு கேள்வி கேட்டார். மாடிப்படி ஏறினாலும் இதயம் துடிக்கிறது. அப்போது ஏன் பயம் வருவதில்லை? துடிப்பை "ஹார்ட் அட்டாக்" என்று தப்பாகப் புரிந்துகொள்கிறோம். அதனால் பயம். பயத்தால் துடிப்பு கூடும். துடிப்பு கூடினால் பயம் இன்னும் கூடும். இந்தச் சுழலை உடைப்பதுதான் சிகிச்சை.

7/ அதனால் இது ஆறுதல் பேச்சு இல்லை, பயிற்சி. டாக்டர் முன்னால் வேகமாக மூச்சு விட வைத்து, அதே படபடப்பை வரவழைத்து, "பாருங்க, உயிர் போகல" என்று உடம்புக்கே காட்டுவோம். (தகுந்த பரிசோதனை இல்லாமல் வீட்டில் முயற்சி செய்யாதீங்க.) பிறகு முதல் வாரம் கூட்டேரிப்பட்டு வரை பஸ். அடுத்து விக்கிரவாண்டி. அப்புறம் விழுப்புரம். நடுவில் இறங்கக் கூடாது. இறங்கினால் 'இறங்கினதாலதான் பிழைச்சேன்' என்று மனசு முடிவு கட்டிவிடும்.

8/ ஆதாரம்? 2000ல் டேவிட் பார்லோ குழு 312 பேரிடம் மாத்திரையையும் இந்தப் பேச்சு சிகிச்சையையும் ஒப்பிட்டது. இரண்டுமே வேலை செய்தன. சிகிச்சையை நிறுத்திய பிறகு, பேச்சு சிகிச்சையின் பலன்தான் கூடுதலாக நீடித்தது. எல்லோருக்கும் குணமாகவில்லை என்பதும் உண்மை. மாத்திரை எடுப்பவர்கள் தானாக நிறுத்த வேண்டாம்.

9/ "இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம்" என்பவர்களுக்கு: நம்ம பக்கத்து வேலூர் சிஎம்சி மனநல மையம் 1957லேயே நோயாளியோடு குடும்பத்தையும் தங்கவைத்தது. 2010ல் வெளியான கோவா ஆய்வில், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள் டாக்டர்களோடு சேர்ந்து மனச்சோர்வு, பதற்றம் உள்ளவர்களைக் கவனித்தார்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தவர்களில் கூடுதல் பேர் தேறினார்கள். தனியார் கிளினிக்குகளில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. பேச சைக்யாட்ரிஸ்ட்தான் வேணும்னு இல்லை, பயிற்சி வேணும்.

10/ நம்ம பிரச்சினை அங்கேதான். ஓபியில் ஒரு பேஷண்ட்டுக்கு எனக்குக் கிடைப்பது சில நிமிஷம். இந்தச் சிகிச்சைக்கு வாரம் ஒரு மணி நேரம், சுமார் 12 வாரம் வேணும். மாத்திரை எழுதுவது சுலபம், அதனால் எழுதிவிடுகிறோம். மேல்மலையனூர் அமாவாசைக்குப் போய் வருபவரை நான் கேலி செய்ய மாட்டேன். அங்கேயாவது அவர் பேச்சுக்குக் காது கிடைக்கிறது.

11/ முதல் முறை நெஞ்சுவலி வந்தால் கட்டாயம் ஈசிஜி எடுங்க. ரத்தசோகை, தைராய்டும் பாருங்க. எல்லாம் நார்மலா? அஞ்சாவது ஈசிஜிக்குப் பதில் மனநலப் பிரிவுக்குப் போங்க, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி பக்கம்தான். போக முடியலையா, 14416க்குக் கூப்பிடுங்க. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

12/ "மனசுதான்" என்பது பாதி பதில். "மனசுதான், அதுக்கும் வைத்தியம் இருக்கு" என்பது முழு பதில். அந்த மீதிப் பாதியைச் சொல்லாததால் எத்தனை பேர் டோல்கேட்டில் இறங்கி நிற்கிறார்களோ. உங்க வீட்டில் ஒருத்தர் இருந்தால் இதைப் படிச்சுக் காட்டுங்க.