எழுதத் தயங்கிய கை

உண்மை தானாகவே வெல்லும் என்பது நம்மிடையே வழங்கிவரும் ஓர் ஆறுதல் மொழி. மருத்துவ வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போர்க்கு அம்மொழி முழுவதும் மெய்யன்று என்பது விளங்கும். ஓர் உண்மையைக் கண்டறிந்தவர் அதனை முறையாக எழுதி, உரிய ஏட்டுக்கு உரிய காலத்தில் அனுப்பி, பிறருடைய சோதனைக்கு ஒப்படைத்தாலன்றி, அது ஒரு மருத்துவமனையின் சுவர்களுக்குள்ளேயே அடங்கிப் போவதும் உண்டு.

இன்று நம் குடும்பங்களில் மருத்துவம் பயிலும் ஆண்மக்களும் பெண்மக்களும் பெருகியுள்ளனர். மேற்படிப்புக்குச் சென்ற பிள்ளை, இரவு நெடுநேரம் விழித்திருந்து, “ஜர்னலுக்குக் கட்டுரை அனுப்ப வேண்டும்” என்று சொல்லும்போது, நோயாளியைப் பார்ப்பதல்லவா மருத்துவர் வேலை, எழுதுவது எதற்கு என்று பெற்றோர் எண்ணுவது இயல்பே. அக்கேள்விக்கு விடை தேடி, நாம் 19-ஆம் நூற்றாண்டின் வியன்னா நகருக்குச் செல்வோம்.

இரு பிரிவுகள்

வியன்னாப் பொது மருத்துவமனையில் மகப்பேற்றுக்கென இரு பிரிவுகள் இருந்தன. முதற்பிரிவில் மருத்துவ மாணவர்கள் பயின்றனர். இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகள் பயின்றனர். கருவுற்ற பெண்கள் ஒருநாள் இப்பிரிவிலும் மறுநாள் அப்பிரிவிலுமாகச் சேர்க்கப்பட்டனர். ஒரே நகர், ஒரே வளாகம், ஒரே நிலையிலுள்ள ஏழைப் பெண்கள். எனினும், 1846-ஆம் ஆண்டில் முதற்பிரிவில் நிகழ்ந்த பேறுகள் 4,010. மாண்ட தாய்மார் 459 பேர். இரண்டாம் பிரிவில் நிகழ்ந்த பேறுகள் 3,754. மாண்டவர் 105 பேர். முன்னதில் நூற்றுக்குப் பதினொருவருக்கு மேல். பின்னதில் நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. முதற்பிரிவின் முறைநாளில் வந்து சேர்ந்துவிட்ட பெண்கள், தம்மை அங்கே அனுப்ப வேண்டாமென்று மண்டியிட்டு மன்றாடினர். தாய்மாரை இவ்வாறு கொண்டு சென்றது பிரசவக் காய்ச்சல்.

இவ்வேற்றுமையைக் கண்டு உறக்கம் இழந்தவர் இக்நாஸ் செம்மல்வைஸ். 1818-ஆம் ஆண்டு ஹங்கேரியின் பூடா நகரில் பிறந்த அவர், அப்போது முதற்பிரிவில் உதவி மருத்துவராக இருந்தார். காற்றில் பரவும் நச்சாவி, நெரிசல், அச்சம் என்று அக்காலத்தார் கூறிய காரணங்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து, அவை இரு பிரிவுகளுக்கும் பொதுவா என்று ஒப்பிட்டு ஒதுக்கி வந்தார். 1847 மார்ச்சு மாதம் அவருடைய நண்பர் கொல்லெட்ச்கா, சவப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி பட்டுக் காயமுற்று இறந்தார். அவர் உடலில் காணப்பட்ட மாற்றங்கள் பிரசவக் காய்ச்சலில் இறந்த தாய்மாரின் உடலில் காணப்பட்டவற்றையே ஒத்திருந்தன. செம்மல்வைஸுக்கு விடை புலப்பட்டது. சவங்களை அறுத்துப் பயின்ற கையோடுதான் மருத்துவர்களும் மாணவர்களும் பேறுகாலப் பெண்களைச் சோதித்தனர். மருத்துவச்சிகள் சவத்தைத் தொடுவதில்லை.

அவ்வாண்டு மே மாதத்தின் நடுவில், குளோரின் கலந்த நீரில் கைகளைக் கழுவிய பின்னரே பிரிவுக்குள் நுழைய வேண்டுமெனக் கட்டளையிட்டார். 1848-இல் முதற்பிரிவில் 3,556 பேறுகள். மாண்டவர் 45 பேர். இரண்டாம் பிரிவில் 3,219 பேறுகள். மாண்டவர் 43 பேர். இரண்டுக்கும் இடையே இருந்த பள்ளம் தூர்ந்தது. அவ்வாண்டின் மார்ச்சு, ஆகஸ்டு ஆகிய இரு மாதங்களில் முதற்பிரிவில் ஒரு தாயும் இறக்கவில்லை.

பிறர் எழுதியவை

இத்தகைய கண்டுபிடிப்பைக் கையில் வைத்திருந்தவர் உடனே என் செய்திருக்க வேண்டும்? கணக்குகளை அட்டவணையிட்டு, தாம் செய்ததை வரிசையாக விளக்கி, ஒரு கட்டுரையாக்கி மருத்துவ ஏட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். செம்மல்வைஸ் அதனைச் செய்யவில்லை. எழுத்து என்றாலே தமக்கு இயல்பாகவே வெறுப்பு என்று பின்னாளில் அவரே தம் நூலின் முன்னுரையில் ஒப்புக்கொண்டார்.

அவருக்காகப் பிறர் எழுதினர். தோல் மருத்துவத்தில் புகழ்பெற்ற ஹெப்ரா, வியன்னா மருத்துவர் கழகத்தின் ஏட்டில் 1847 டிசம்பரிலும் 1848 ஏப்ரலிலும் இருமுறை சுருக்கமான அறிவிப்புகளை வெளியிட்டார். அம்மை குத்துதலைக் கண்ட ஜென்னரின் பணிக்கு இணையாக இதனைப் போற்றினார். இலண்டன் மருத்துவக் கழகம் ஒன்றில் ரூத் என்பவர் 1848-இல் இதைப்பற்றிப் படித்தார். அது மறு ஆண்டு அச்சேறியது. நண்பர்களும் மாணவர்களும் பல நாடுகளின் பேராசிரியர்களுக்குக் கடிதங்கள் எழுதினர்.

நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டவையாயினும், பிறர் வாய்வழிச் சென்ற செய்தி திரிந்து போயிற்று. நோய்க்கு மூலம் சவத் துகள் மட்டுமே என்று பலர் புரிந்துகொண்டனர். உயிரோடுள்ள நோயாளியின் அழுகிய புண்ணிலிருந்தும் அது பரவும் என்பதைச் செம்மல்வைஸ் 1847 அக்டோபரிலேயே கண்டிருந்தார். சவப் பரிசோதனையே நடவாத மருத்துவமனையினர், இது எங்கட்குப் பொருந்தாது என்றனர். எடின்பரோவின் சிம்ப்சனோ, இது நாங்கள் முன்பே அறிந்த தொற்றுக் கொள்கைதானே என்று ஒதுக்கினார். கோபன்ஹேகனின் லேவி 1848-லேயே தம் ஐயங்களை அச்சிட்டார். அவர் கையில் இருந்தது முழுமையான ஆய்வுக் கட்டுரையன்று, கடிதச் செய்தியே. ஐயங்களுக்கு விடை இருந்தது. ஆனால் அவ்விடை எங்கும் அச்சில் இல்லை.

செய்தியை முழு மனத்தோடு ஏற்றவரும் உண்டு. ஜெர்மனியின் கீல் நகரத்து மைக்கேலிஸ், தாம் பேறு பார்த்த தம் உறவினப் பெண் தம் கையாலேயே மாண்டாள் என்று உணர்ந்து, 1848 ஆகஸ்டில் இரயில் முன் விழுந்து உயிர் நீத்தார். பேராசிரியர்கள் பலர் இக்கொள்கையை எதிர்த்தமைக்கு வறட்டுப் பெருமை மட்டுமே காரணம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இதனை ஏற்பது தம் கைகளைத் தாமே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதாகும் என்பதையும் நாம் மறக்கலாகாது.

1850 மே 15-ஆம் நாள், நண்பர்களின் வற்புறுத்தலால் செம்மல்வைஸ் வியன்னா மருத்துவர் கழகத்தில் நேரில் பேசினார். விவாதம் மேலும் இரு கூட்டங்களுக்கு நீண்டது. ஆயினும் தம் உரையை எழுதி ஏட்டுக்குத் தரவில்லை. கூட்டக் குறிப்பின் சுருக்கமே அச்சில் வந்தது. தமக்குக் கிடைத்த பதவி மனத்துக்கு ஒவ்வாததால், அவ்வாண்டு அக்டோபரில் நெருங்கிய நண்பர்களிடமும் சொல்லாமல் பெஸ்ட் நகருக்குப் புறப்பட்டுவிட்டார்.

அங்கும் அவர் கை காத்தது, எழுதவில்லை. 1851 முதல் ஆறாண்டுகளில் பெஸ்ட் நகரின் ரோக்கஸ் மருத்துவமனையில் 933 பேறுகளில் எண்மரே இக்காய்ச்சலால் மாண்டனர். 1858-இல்தான் ஹங்கேரிய மொழி மருத்துவ வார ஏட்டில் அவர் எழுதத் தொடங்கினார். ஐரோப்பிய மருத்துவ உலகின் பெரும்பகுதி அம்மொழியை அறியாது. ஜெர்மன் மொழியில் அவருடைய பெருநூல் 1861 என்ற ஆண்டைத் தாங்கி வந்தபோது, கண்டுபிடிப்பு நிகழ்ந்து பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஐந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அந்நூலில், தெளிவான அட்டவணைகளோடு எதிராளிகள்மீது நீண்ட வசைகளும் கலந்திருந்தன. தொடர்ந்து வெளியிட்ட பகிரங்கக் கடிதங்களில் பேராசிரியர்களைக் கொலையாளிகள் என்றே எழுதினார். அச்சொல்லில் வேதனை இருந்தது. ஆனால் வாதம் மறைந்துபோயிற்று. 1865 ஆகஸ்டு 13-ஆம் நாள், வியன்னாவை அடுத்த மனநல விடுதியொன்றில், காயத்தின் வழியே உதிரம் நஞ்சேறி, தாம் எதிர்த்துப் போரிட்ட அதே வகை நோய்க்கு இரையாகித் தம் 47-ஆம் வயதில் மறைந்தார்.

ஏட்டின் ஆயுள்

நன்கு எழுதினால் மட்டும் போதுமா? அதற்கும் ஒரு சான்று உண்டு. செம்மல்வைஸுக்கு நான்காண்டுகள் முன்பே, 1843-இல், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ், பிரசவக் காய்ச்சலை ஒரு தாயிடமிருந்து மற்றொரு தாய்க்கு மருத்துவரே கொண்டு செல்கின்றார் என்று ஆதாரங்களை அடுக்கி அழகியதொரு கட்டுரை எழுதினார். கவிஞரும் ஆகிய அவருடைய நடையில் குறை இல்லை. ஆனால் கட்டுரை வெளிவந்த காலாண்டு ஏடு ஓராண்டிலேயே நின்றுவிட்டது, படித்தோர் சிலரே. 1855-இல் ஹோம்ஸ் அதனைத் தனி நூலாக மறுபடி அச்சிட நேர்ந்தது. கட்டுரைக்கு ஏற்ற ஏட்டைத் தேர்வதும் கட்டுரையின் ஒரு பகுதியே என்பதை இது நமக்கு உணர்த்துகிறது.

கிளாஸ்கோவின் பாடம்

செம்மல்வைஸ் மறைந்ததற்கு முந்தைய நாள், 1865 ஆகஸ்டு 12-இல், கிளாஸ்கோ மருத்துவமனைக்குப் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் கொண்டுவரப்பட்டான். வண்டிச் சக்கரம் ஏறிக் காலெலும்பு முறிந்து, தசையும் கிழிந்திருந்தது. அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலம் தோய்த்த துணியால் அப்புண்ணைக் கட்டினார், கால் பிழைத்தது.

லிஸ்டர் அவ்வொரு வெற்றியைக் கொண்டு முரசறையவில்லை. மேலும் நோயாளிகளைக் கண்டு, 1867 மார்ச்சு முதல், மருத்துவர் பலரும் படிக்கும் ‘லான்செட்’ வார ஏட்டில் தொடராக எழுதினார். நோயாளியின் வயது, காயம் பட்ட விதம், கட்டிய முறை, ஒவ்வொரு நாளும் கண்ட மாற்றம் ஆகிய யாவும் அதில் இருந்தன. பதினொரு நோயாளிகளுள் ஒருவர் காலை இழந்ததையும் ஒருவர் உயிரிழந்ததையும் மறையாது எழுதினார். தம் முறைக்குப் பாஸ்டரின் ஆய்வே அடிப்படை என்று நன்றியோடு குறித்தார். படித்தவர் எவரும் தம் ஊரில் அதனைச் செய்து பார்க்க முடிந்தது. அவருக்கும் எதிர்ப்பு இருந்தது. ஆனால் எதிர்த்தோரின் முன்னே, அவர்கள் சோதித்துப் பார்க்கத்தக்க ஓர் எழுத்து இருந்தது.

இன்றைய முறை

கண் மருத்துவத்துக்கென ஜெர்மனியில் கிரேஃபெ 1854-இல் தொடங்கியது போன்ற துறை ஏடுகள் பெருகி, இன்று மருத்துவத்தின் ஒவ்வொரு கிளைக்கும் பற்பல ஏடுகள் உள்ளன. 1978-இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடிய ஏட்டாசிரியர் சிலர், கைப்பிரதிகள் எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்குப் பொதுவிதிகள் வகுத்தனர். அக்குழுவே பின்னர் அனைத்துலக மருத்துவ ஏட்டாசிரியர் குழுவாக வளர்ந்தது. இன்று கட்டுரை கணினி வழியே ஏட்டைச் சென்றடைகிறது. விதிகளின் உட்பொருள் மாறவில்லை.

இளம் மருத்துவர்க்குச் சலிப்பூட்டும் அவ்விதிகளை நாம் வியன்னாவின் கதையோடு வைத்துப் பார்த்தால், ஒவ்வொன்றின் பின்னும் ஒரு காரணம் புலப்படும். கட்டுரை நான்கு பகுதிகளாக அமைய வேண்டும் என்கின்றனர்: ஏன் தொடங்கினோம், எவ்வாறு செய்தோம், என்ன கண்டோம், அதன் பொருள் யாது என்பனவே அவை. கண்டதும் கருதியதும் கலவாதிருக்கவே இப்பிரிவினை. செம்மல்வைஸின் நூலில் கணக்கும் கோபமும் ஒரே பக்கத்தில் கலந்ததால் கணக்கே காதில் ஏறாமல் போனதை நாம் கண்டோம். சுருக்கத்தை ஆசிரியரே எழுத வேண்டும் என்பதும் அவ்வாறே. அவர் எழுதாவிடில் பிறர் சுருக்குவர்; அதில் ‘சவத் துகள்’ மட்டும் எஞ்சும்.

முன்னோர் எழுதியதைப் பெயரோடு சுட்ட வேண்டும் என்பது மற்றொரு விதி. இது மேலைநாட்டார் புதிதாகக் கண்டதன்று. ஹிஜ்ரி மூன்று, நான்காம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்ராஸியின் குறிப்புகள், அவர் மறைவுக்குப் பின் ‘அல்ஹாவி’ எனத் தொகுக்கப்பட்டன. அவற்றில் பிறர் கூற்றுகள் அவரவர் பெயரோடு வர, தம் சொந்தக் கருத்தை ‘லீ’, அதாவது ‘எனது’, என்னும் சொல்லால் அவர் பிரித்துக் காட்டினார். இரவல் எது, உடைமை எது என்று பிரித்துக் காட்டுவது அறிவின் நாணயம்.

நோயாளியின் இசைவு வேண்டும், ஆய்வு ஒழுக்கக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்பன உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கி அறிக்கையால் வலுப்பெற்றவை. ஒரே கட்டுரையை ஒரே வேளையில் ஈர் ஏடுகளுக்கு அனுப்பலாகாது. உழைக்காதவர் பெயரை ஆசிரியர் வரிசையில் சேர்க்கலாகாது. இவையெல்லாம் முடிந்தபின், ஏட்டாசிரியர் அதனை அத்துறை அறிந்த மதிப்பீட்டாளர்களுக்கு அனுப்புவார். அவர்கள் குறை காண்பர், திருத்தம் கேட்பர், பல வேளை திருப்பியும் அனுப்பிவிடுவர்.

திரும்பி வந்த கட்டுரையைக் கண்டு நம் பிள்ளைகள் முகம் வாடும்போது, அவர்களிடம் நாம் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. மதிப்பீட்டாளரின் கேள்வி ஒருவேளை நியாயமற்றதாகவும் இருக்கலாம். எனினும் ஒவ்வொரு கேள்விக்கும் வரிசையாக, சினமின்றி, சான்றோடு விடை எழுதுவதே அக்கட்டுரையைக் காக்கும் வழி. லேவியின் ஐயத்துக்கு 1848-லேயே அத்தகையதொரு விடை அச்சில் வந்திருந்தால், ஐரோப்பாவின் பேறுகால விடுதிகளில் எத்தனை தொட்டில்களின் அருகே தாய் இருந்திருப்பாள் என்று எண்ணிப் பார்க்க நெஞ்சம் பதறுகிறது.

நோயாளியின் நாடி பார்க்கும் கை ஓர் உயிரைக் காக்கும். அதே கை கண்டதைக் கண்டவாறு எழுதி அனுப்புமாயின், தான் ஒருபோதும் காணாத ஊர்களில், தன் பெயரையும் அறியாத தாய்மாரைக் காக்கும். நள்ளிரவில் எழுதிக்கொண்டிருக்கும் நம் பிள்ளையின் அறையில் விளக்கு எரிவது அதற்காகத்தான்.