பம்பாயில் பெண்களின் கருத்தடை: ரப்பர் மூடி முதல் காப்பர் டி வரை

கருத்தடை மாத்திரைகள் உலகச் சந்தைக்கு வருவதற்குச் சுமார் 40 ஆண்டுகள் முன்பே, ஹார்மோன் கலவாத கருத்தடைச் சாதனங்கள் பம்பாய்ப் பெண்களுக்கு அறிமுகமாகிவிட்டன. வில்சன் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் ரகுநாத் தோண்டோ கார்வே 1921-ல் அங்கே கருத்தடை ஆலோசனை நிலையம் ஒன்றைத் திறந்தார். லண்டனில் கருத்தடை முன்னோடி மேரி ஸ்டோப்ஸ் தம் கருத்தடை நிலையத்தைத் திறந்ததும் அதே ஆண்டுதான். விதவையர் கல்விக்காக உழைத்த தோண்டோ கேசவ் கார்வேயின் மகனான ரகுநாத், கருத்தடைப் பிரசாரத்தால் கல்லூரி வேலையை இழந்தார். 1927 முதல் 1953-ல் இறக்கும்வரை ‘சமாஜ் ஸ்வாஸ்த்ய’ என்ற மராத்தி இதழை நடத்தினார்.

அன்று பெண்களுக்கென இருந்த முதன்மையான சாதனம், கருப்பைவாயை மறைக்கும் ரப்பர் மூடி. மருத்துவர் சோதித்து அளவு பார்த்துத் தரவேண்டும். உறவுக்கு முன் விந்தணுக்களை அழிக்கும் களிம்பைத் தடவிப் பொருத்திக்கொள்ள வேண்டும்; உறவு முடிந்து குறைந்தது ஆறு மணி நேரம் உள்ளேயே இருக்க வேண்டும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போக உலர்த்திப் பெட்டியில் பத்திரப்படுத்த வேண்டும். பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் வாழ்ந்த, ‘சால்’ எனப்படும் வரிசைக் குடியிருப்புகளில் ஒரே அறையில் மாமியார், கொழுந்தன், பிள்ளைகள் எல்லோரும் படுத்துறங்கினர். குழாயும் கழிப்பறையும் வராந்தாக் கோடியில் பொதுவாக இருந்தன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியின் தோல் பதனிடும் தொழிலில் சேர்ந்தவர்களின் குடிசைகளில் அந்த வசதியும் கிடையாது. கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறையும் தனிக் குழாயும் இல்லாதவளுக்கு இந்த மூடி எட்டாப் பொருளாகவே இருந்தது. அதனால் அது பெரும்பாலும் படித்த, வசதியுள்ள குடும்பங்களோடு நின்றுவிட்டது.

சட்டமும் சமூகமும் எதிர்த்து நின்றன. கார்வேயின் இதழ்மீது ஆபாச வழக்குகள் தொடரப்பட்டன. 1934-ல் அவருக்காக அம்பேத்கர் வாதாடினார். ஆயினும் கார்வேக்கு அபராதம் விதிக்கப்பட்டது. 1938 நவம்பரில் அரசே கருத்தடை வசதிகளைச் செய்து தரவேண்டும் என்ற தீர்மானத்தை அம்பேத்கர் சார்பில் பி. ஜே. ரோகம் பம்பாய்ச் சட்டசபையில் கொண்டுவந்தார். அதுவும் தோற்றது. அமெரிக்கக் கருத்தடைப் பிரசாரகர் மார்கரெட் சாங்கர் 1935 டிசம்பரில் வார்தா சென்று காந்தியைச் சந்தித்தபோது, புலனடக்கமே வழி என்ற தம் நிலையிலிருந்து காந்தி இறங்கிவரவில்லை. தமிழ்நாட்டில் பெரியாரின் குரல் வேறுவிதமாக ஒலித்தது. நாட்டின் வறுமையையும் தாயின் உடல்நலத்தையும் காரணம் காட்டிப் பிறர் கர்ப்பத்தடையை ஆதரித்தபோது, பெண் விடுதலைக்கு அது இன்றியமையாதது என்று அவர் எழுதினார்.

விடுதலைக்குப் பின் பம்பாய் இந்த இயக்கத்தின் தலைமையிடமானது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த தன்வந்தி ராமராவ் 1949-ல் இங்கே இந்தியக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கத்தைத் தொடங்கினார். கொழும்பில் பிறந்து, மணமாகிப் பம்பாய்க்கு வந்த பார்சிப் பெண் ஆவாபாய் வாடியா அவரோடு சேர்ந்து உழைத்தார். பின்னாளில் சங்கத்தின் தலைவராகப் பல்லாண்டுகள் இருந்தார். 1952 நவம்பரில் பம்பாயில் கூடிய மாநாட்டில்தான் சர்வதேசக் குடும்பக் கட்டுப்பாட்டுக் கூட்டமைப்பு பிறந்தது. முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் இப்பணிக்கு 65 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது.

ஆனால் மத்திய சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ருத் கௌர் காந்தியவாதி. சாதனங்களைவிட, கருத்தரிக்க வாய்ப்புள்ள நாட்களில் உறவைத் தவிர்க்கும் நாள் கணக்கு முறையையே அவர் விரும்பினார். உலக சுகாதார நிறுவனம் அனுப்பிய டாக்டர் ஆபிரகாம் ஸ்டோன் டெல்லி லோதி காலனியிலும் மைசூர் ராமநகரத்திலும் இம்முறையைச் சோதித்தார். கருத்தரிக்க வாய்ப்புள்ள நாட்களுக்கு ஒரு நிறமும் மற்ற நாட்களுக்கு வேறு நிறமுமாக மணிகள் கோத்த மாலை பெண்களுக்குத் தரப்பட்டது. தினமும் ஒரு மணியை நகர்த்த வேண்டும். மாதவிடாய் ஒழுங்காக வராத பெண்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தவில்லை. கணவன் ஒத்துழைக்காத வீட்டில் எந்த மாலையாலும் பயனில்லை. சோதனை எதிர்பார்த்த பலனைத் தரவில்லை.

அடுத்து வந்தது லூப். அமெரிக்க மருத்துவர் ஜாக் லிப்பிஸ் உருவாக்கிய, பாம்புபோல் வளைந்த இந்த பிளாஸ்டிக் சாதனத்தை ஒருமுறை கருப்பைக்குள் பொருத்தினால் போதும். தனியறையோ தினசரிக் கவனமோ வேண்டியதில்லை. 1965-ல் இந்திய அரசு இதை நாடு முழுவதும் கொண்டுசென்றது. கான்பூரில் தயாரிப்பும் தொடங்கியது. முகாம் முகாமாக லூப் பொருத்தப்பட்டது. பெண்களை அழைத்து வந்தவர்களுக்கு ஊக்கத்தொகை கிடைத்தது. ஆனால் பொருத்திய பிறகு உதிரப்போக்கோ வலியோ கண்டவர்களைத் திரும்பப் பார்க்க ஆளில்லை. இப்படியெல்லாம் நேரலாம் என்று முன்கூட்டி எடுத்துச் சொன்னவர்களும் குறைவு. சில ஆண்டுகளிலேயே பெண்கள் லூப்பைக் கண்டு ஒதுங்கினர். அந்த அச்சத்தின் நிழல் பின்னால் வந்த காப்பர் டி மீதும் விழுந்தது.

காப்பர் டி அமெரிக்கரான ஹோவர்ட் டேட்டம், சிலி நாட்டு ஹைமே சிப்பர் ஆகியோரின் ஆய்வில் பிறந்தது. கருப்பையின் வடிவத்துக்கு ஏற்ப டி எழுத்துப்போல் அமைந்த பிளாஸ்டிக்கில் செம்புக் கம்பி சுற்றப்பட்டது. செம்பிலிருந்து கசியும் அயனிகள் விந்தணுக்களைச் செயலிழக்கச் செய்கின்றன. ஹார்மோன் எதுவும் இதில் இல்லை. 2002-ல் அரசுத் திட்டத்தில் சேர்ந்த 380ஏ வகை 10 ஆண்டுகள் பயன் தரும். பின்னர் வந்த 375 வகைக்கு 5 ஆண்டுகள். காப்பர் டி பொருத்திக்கொண்ட 100 பெண்களில் ஓராண்டில் கருத்தரிப்பவர் ஒருவருக்கும் குறைவு. ரப்பர் மூடியில் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 17. முதல் சில மாதங்கள் உதிரப்போக்கும் வயிற்றுவலியும் கூடலாம். பால்வினைத் தொற்றிலிருந்து இது காக்காது. அதற்கு ஆணுறையோ பெண்ணுறையோதான் வேண்டும்.

1980-களில் ஹார்மோன் ஊசிகளுக்கு எதிராகப் பெண்கள் அமைப்புகள் போராடின. நெட்-என் ஊசிப் பரிசோதனையில் பெண்களுக்கு உரிய தகவல் தரப்படவில்லை என்று ஹைதராபாத்தின் ஸ்திரீ சக்தி சங்கடனாவும் பிறரும் 1986-ல் உச்ச நீதிமன்றம் சென்றனர். ஹார்மோனை விரும்பாதவர்களுக்கு வேறொரு வழியும் வந்தது: லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய, ஸ்டீராய்டு அல்லாத சென்ட்குரோமன் மாத்திரை 1991-ல் ‘சஹேலி’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை சாப்பிட வேண்டும். இது ஹார்மோன் அல்ல. ஆனால் ஈஸ்ட்ரோஜன் செயல்படும் இடங்களில் குறுக்கிட்டு வேலை செய்கிறது. சிலருக்கு மாதவிடாய் தள்ளிப்போகும். அரசு இதைச் ‘சாயா’ என்ற பெயரில் இலவசமாக வழங்குகிறது.

இதற்கிடையே வீட்டு வசதியும் மாறியது. 1970-ல் சிட்கோ என்ற நகர மேம்பாட்டு நிறுவனம் தொடங்கப்பட்டு நவி மும்பை எழுந்தது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் தமிழர்களில் பலர் நெருள் போன்ற இடங்களுக்குக் குடிபெயர்ந்தனர். கார்வே காலத்தில் சால் வீடுகளில் கிடைக்காத தனியறையும் தண்ணீர்க் குழாயும் அங்கே கிடைத்தன. அதற்குள் ரப்பர் மூடி இந்தியக் கடைகளில் அரிதாகிவிட்டது. நூறாண்டுத் தேடலுக்குப் பிறகும் நாட்டில் பெண்கள் பெருமளவில் நாடுவது மீள முடியாத கருத்தடை அறுவைச் சிகிச்சையைத்தான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் அதைச் செய்துகொண்டவர்கள். காப்பர் டி போன்ற கருப்பைச் சாதனங்களைப் பயன்படுத்துவோர் 2.1 சதவீதமே. அரசு மருத்துவமனைகளில் காப்பர் டி இலவசம். பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளும் அதைப் பொருத்திக்கொள்ளலாம். லூப் தோற்றதற்கான காரணங்களை மருத்துவர்களும் செவிலியர்களும் மறக்கக் கூடாது. எந்தச் சாதனமானாலும் அதன் நன்மை தீமைகளைப் பெண்ணிடம் முழுமையாகச் சொல்லி, அவள் சம்மதத்தோடு பொருத்தி, வேண்டாம் என்று திரும்பி வந்தால் தயங்காமல் எடுத்துவிட வேண்டும்.