இரண்டு விமானங்களுக்கு இடையில்

சென்ற மார்கழியில் என் பழைய மாணவர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசினார். காலை ஆறு மணிக்கு மீனம்பாக்கத்தில் இறங்குகிறார். மதுரைக்கு அடுத்த விமானம் பிற்பகல் இரண்டரைக்கு. "எட்டு மணி நேரம் அந்த நாற்காலியில் என்ன சார் செய்வது?" என்றார். அவர் பிறந்தது ஒரகடத்தை ஒட்டிய ஒரு சிற்றூரில். தாத்தாவின் நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபின் குடும்பம் மதுரைக்குப் பெயர்ந்துவிட்டது. அதன்பின் அவர் அந்தத் திசையில் காலெடுத்து வைத்ததில்லை. "வாருங்கள், போய்ப் பார்த்துவிட்டு வரலாம்" என்றேன். சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு சரி என்றார்.

ஏழு மணிக்கு வெளியே வந்தோம். முதலில் பல்லாவரம். விமானப் பயணிகள் ஓடுபாதையின் எல்லையாக மட்டுமே காணும் இவ்வூரில்தான், 1863 மே 30 அன்று, இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் படைவீரர் அணிவகுப்புத் திடலருகே சரளைக்குழி ஒன்றிலிருந்து கற்கருவி ஒன்றைக் கையிலெடுத்தார். இந்தியாவில் பழங்கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு அறியப்பட்ட முதல் சான்று அது. அவ்வாண்டே அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தைக் கண்டறிந்தனர். அங்கே கிடைத்த கருவிகளுள் பழையவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் தொன்மையுடையவை என்று 2011-இல் வெளியான ஆய்வு நிறுவியது. நாம் விமானத்துக்காகக் காத்திருக்கும் எட்டு மணி நேரத்தை இந்தக் கணக்கின் அருகில் வைத்துப் பார்த்தால் சலிப்பு தானே அடங்கிவிடும்.

அடுத்தது குன்றத்தூர், சேக்கிழார் பிறந்த ஊர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இங்கிருந்து புறப்பட்டுச் சோழ அரசில் அமைச்சராகி, பின் தில்லையில் அமர்ந்து பெரியபுராணம் பாடியவர் அவர். சோழநாட்டுத் திருநாகேச்சரத்தின்மீது கொண்ட பற்றினால் அதே பெயரில் சொந்த ஊரிலும் ஒரு கோயில் எடுத்தார் என்பது மரபு. ஊரைவிட்டுப் போனவன் தான் நேசித்த இன்னொரு ஊரைத் தன் ஊருக்குக் கொண்டுவரும் ஆசை அது. கோயில் வாசலில் இதைச் சொன்னபோது மாணவர் சிரித்தார். சிங்கப்பூரில் தம் குடியிருப்பின் மாடத்தில் ஒரு தொட்டியில் முருங்கை வைத்திருப்பதாகச் சொன்னார்.

குன்றத்தூரைக் கடந்தால் செம்பரம்பாக்கம் ஏரி. முழுக் கொள்ளளவில் 24 அடி ஆழம். இதன் உபரிநீர் அடையாற்றில் சேர்கிறது. அந்த அடையாற்றின்மீது பாலமிட்டே விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதை அமைந்திருக்கிறது. 2015 டிசம்பர் பெருமழையில் ஆறு பெருகி ஓடுபாதைக்குள் புகுந்தது. நிலையம் சில நாட்கள் மூடிக் கிடந்தது. செங்கற்பட்டுச் சீமையை ஏரிகளின் நாடு என்று முன்னோர் சொன்னதை நாம் மறந்துவிட்டோம். அவ்வப்போது தண்ணீர்தான் அதை நினைவூட்டுகிறது.

பெங்களூர் நெடுஞ்சாலையில் திரும்பினோம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை. 1996-இல் அந்நிறுவனம் இந்தியாவில் கால்பதித்தது. 1998-இல் சான்ட்ரோ வெளிவந்தது. வட்டாரத்தின் தொழில் முகம் மாறியதற்கு அதுவே பெரிய தொடக்கம். 2006-இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. எட்டே ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான இளம்பெண்களின் முதல் சம்பளமும் கடைசிச் சம்பளமும் இங்கேயே முடிந்தன. 2024-இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம் என்பது அவர்களது முதன்மைக் கோரிக்கை. இவையும் வரலாறுதான், கல்வெட்டில் பொறிக்கப்படவில்லை என்பது ஒன்றே வேறுபாடு.

திருப்பெரும்புதூரில் ஒருமைல் எல்லைக்குள் இரண்டு நினைவுகள் நிற்கின்றன. ஒன்று, 1991 மே 21 இரவு இராஜீவ் காந்தியும் அவருடன் பத்துக்கும் மேற்பட்டோரும் வெடிகுண்டுக்குப் பலியான திடல். ஏழு தூண்களுடன் அமைந்த நினைவிடத்தை 2003-இல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் நாட்டுக்கு அர்ப்பணித்தார். மற்றொன்று, 1017-இல் பிறந்ததாக மரபு கூறும் இராமானுசரின் ஊர்க்கோயில். இங்குள்ள அவரது படிமத்தைத் 'தானுகந்த திருமேனி' என்பர். அவரே கண்டு மகிழ்ந்து ஏற்ற வடிவம் என்பது நம்பிக்கை. காஞ்சி, திருவரங்கம், மேல்கோட்டை என்று வாழ்நாளெல்லாம் ஊர்விட்டு ஊர் சென்றவர், தம் வடிவத்தை மட்டும் பிறந்த ஊருக்கு விட்டுவைத்தார்.

சேக்கிழாரும் இராமானுசரும் அண்டை ஊர்க்காரர்கள். இருவரும் புறப்பட்டுப் போனவர்கள். இன்று அதே மண்ணுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் நம் தென்மாவட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள். கோயில் தெருவின் தேநீர்க் கடையில் இந்தியைத்தான் அதிகம் கேட்டோம்.

ஒரகடத்தை அடையும்போது பத்தரை. ரெனோ–நிசான் கூட்டணி 2010-இல் தொடங்கிய ஆலை முதலாகப் பெருஞ்சுவர்கள் வரிசையாக வந்தன. தாத்தாவின் நிலம் எந்தச் சுவருக்குள் என்று மாணவரால் சொல்ல முடியவில்லை. இரண்டு முறை வண்டியை நிறுத்தச் சொன்னார்; இரண்டு முறையும் இடம் இதுவல்ல என்றார். மூன்றாம் முறை ஓர் ஏரிக்கரையில் இறங்கினார். கரையின் வளைவை மட்டும் அவருக்கு அடையாளம் தெரிந்தது. மதகின்மேல் ஏறி உட்கார்ந்து, "இங்கிருந்துதான் குதிப்போம் சார்" என்றார். வேறெதுவும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

பன்னிரண்டரைக்குள் நிலையத்தில் இருந்தோம். இவ்வழியே வருவோருக்குச் சொல்ல வேண்டியவை சில உண்டு. இடைவெளி ஆறு மணி நேரத்துக்குக் குறைவென்றால் வெளியே வராதீர்கள். அயல்நாட்டுக் கடவுச்சீட்டு உடையோருள் பெரும்பாலோர் விசா இல்லாமல் வெளியேற இயலாது. பெரும்பாலான கோயில்களில் நண்பகலில் நடை சாத்திவிடுவர், காலையே நல்லது.

இன்னொன்றும் உண்டு. சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் பரந்தூரில் என்று 2022 ஆகஸ்டில் அறிவிப்பு வந்ததும் ஏகனாபுரம் மக்கள் எதிர்த்துப் போராடத் தொடங்கினர். அங்கேயும் வயல்கள், அங்கேயும் ஏரிகள். அந்த நிலையம் எழுந்தால் நாளை அதன் கூடத்தில் காத்திருக்கப்போகும் பயணிகளுள் அவ்வூர்ப் பேரப்பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்கள் கேட்டால் காட்டுவதற்கு ஓர் ஏரிக்கரையாவது மிஞ்ச வேண்டும்.