ராம்பூர் அரண்மனையும் வாரிசுகளின் பங்கும்

அரச குடும்பங்களின் சொத்துத் தகராறுகள் சாதாரண மக்களுக்கு வேடிக்கைக் கதைகளாகத் தோன்றுவதுண்டு. ஆயினும் வட இந்தியாவின் ராம்பூர் நவாப் குடும்பத்து வழக்கை நாம் அவ்வாறு ஒதுக்கிவிட முடியாது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு வீட்டுக்காக நீதிமன்றப் படியேறும் சகோதர சகோதரிகளின் கேள்வியே அங்கும் எழுந்தது.

ராம்பூரின் கடைசி ஆட்சியாளர் நவாப் ராஸா அலி கான். 1949ஆம் ஆண்டு அவரது சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தது. ஆட்சி போயிற்று, அரண்மனைகளும் தோட்டங்களும், ஏன், நவாபுக்கென அமைந்த புகையிரத நிலையமும்கூட அவரது தனிப்பட்ட ஆதனங்களாக எஞ்சின. 1966இல் அவர் காலமானபோது மூன்று மனைவியரும், மூன்று புதல்வர்களும், ஆறு புதல்வியரும் இருந்தனர். மூத்த புதல்வர் முர்தஸா அலி கானை அடுத்த நவாபாக இந்திய அரசு அங்கீகரித்தது. அரியணை எவருக்கோ ஆதனம் முழுவதும் அவருக்கே என்பதுதான் குடும்ப வழமை என அவரது தரப்பு வாதிட்டது. இஸ்லாமிய சட்டப்படி தமக்கும் பங்குண்டு என ஏனையோர் வழக்குத் தொடுத்தனர்.

அலகாபாத் உயர் நீதிமன்றம் மூத்தவரின் பக்கமே நின்றது. 2019 ஜூலை 31ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. ஆட்சியே இல்லாதவிடத்து அரியணை ஏது? அரசு அளித்த அங்கீகாரம் பட்டத்துக்கும் சலுகைகளுக்கும் மட்டுமே உரியது; தனி ஆதனம் முஸ்லிம் தனியார் சட்டப்படி பகிரப்பட வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம். இதன்மூலம் புதல்வியரின் பங்கும் உறுதியாயிற்று. எமது நோக்கில் இது நியாயமான தீர்ப்பு. ஆனால் நவாப் இறந்து 53 ஆண்டுகள் கழிந்த பின்னரே அது கிடைத்தது. 2020ஆம் ஆண்டு அரண்மனையின் பாதுகாப்பறையை வெட்டித் திறந்தபோது உள்ளே பெறுமதியான எதுவும் இருக்கவில்லை.

ஜேர்மனியின் ஹொஹன்சோலர்ன் குடும்பத்திலும் இத்தகைய பிணக்கு ஏற்பட்டது. சம அந்தஸ்துள்ள குலத்தில் மணம் முடிக்காதவருக்கு வாரிசுரிமை இல்லை என்ற குடும்ப நிபந்தனையால் மூத்த மகன் விலக்கப்பட்டார். அந்நிபந்தனை அவரது திருமணச் சுதந்திரத்தைப் பாதித்ததா என்பதைக் கீழ் நீதிமன்றங்கள் போதியளவு ஆராயவில்லை எனக் கூறி, அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2004இல் வழக்கைத் திருப்பியனுப்பியது.

இலங்கை முஸ்லிம்களைப் பொறுத்தவரை 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தெளிவானது. இறுதி விருப்பாவணம் எழுதாது இறந்தவரின் ஆதனம் அவர் சார்ந்த பிரிவின் முஸ்லிம் சட்டப்படியே சேரும். அதில் மூத்தவர் என்பதற்குத் தனிப் பங்கில்லை. மகனுக்குரியதில் பாதி மகளுக்குரியது. யாழ்ப்பாணத் தமிழரின் கதை வேறு. பழைய தேசவழமையில் சீதனம் பெற்றுச் சென்ற மகள் பெற்றோரின் எஞ்சிய ஆதனத்தில் பொதுவாகப் பங்கு கோர இயலாது.

எனினும் சட்டம் வழங்கிய பங்கைக்கூட, 'அண்ணன்தானே பார்த்துக்கொள்கிறார்' என்று கேளாமலே விட்டுவிடும் சகோதரிகள் இரு சமூகங்களிலும் உள்ளனர். தகப்பனின் மறைவுக்குப் பின் உறுதி எவர் பெயரில் உள்ளது என்று அவர்கள் விசாரிக்கும் வேளையில், அண்ணனின் பிள்ளைகள் அவ்வீட்டை விற்க விலை பேசிக்கொண்டிருப்பார்கள்.