வரியும் வாக்கும்: மலேசிய உள்ளாட்சி மன்றங்களின் நிதியும் தகுநிலையும்

உள்ளாட்சி பற்றித் தமிழில் உரையாற்றுவோர் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளிலிருந்து தொடங்குவது ஏறத்தாழ மரபாகிவிட்டது. குடவோலை முறையின் பெருமையை நானும் மறுப்பவனல்லன். ஆயினும் இந்நாட்டு உள்ளாட்சியின் வரலாறு காஞ்சிக்கு அருகில் தொடங்கவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்களுக்குக் கல்கத்தாவிலேயே சட்டங்கள் இயற்றப்பட்டன. அவ்வாறு 1856-இல் இயற்றப்பட்ட நகராண்மைச் சட்டத்தின்படி 1857 டிசம்பரில் ஜோர்ஜ்டவுனில் ஒரு தேர்தல் நடைபெற்றது. ஐந்து நகராண்மை ஆணையர்களுள் மூவரை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுத்தனர். குறிப்பிட்ட அளவு வரி கட்டியவருக்கே வாக்கு என்பதால், வாக்காளர் தொகை மிகச் சிறியது. எனினும், வரி தருபவனுக்கு அவ்வரியைச் செலவிடுவோரைத் தெரிவு செய்யும் உரிமை உண்டு என்னும் கொள்கை அன்றே இம்மண்ணில் கால்கொண்டது. 1913-ஆம் ஆண்டின் நகராண்மைச் சட்டம் அவ்வுரிமையை நீக்கியது. வரி மட்டும் நீடித்தது.

நம் பள்ளிகளில் மலாயாவின் மக்களாட்சி 1955-ஆம் ஆண்டுக் கூட்டரசுத் தேர்தலோடு தொடங்குவதாகவே பெரும்பாலும் கற்பிக்கப்படுகிறது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே, 1951 டிசம்பர் 1 அன்று, ஜோர்ஜ்டவுன் மக்கள் நகராண்மை மன்றத்தின் பதினைந்து இடங்களுள் ஒன்பதுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தனர். 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர் மக்களும் வாக்களித்தனர். நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கும் முன் இந்நாட்டார் வாக்களிக்கப் பழகிய இடம் நகர மன்றமே.

1957 ஜனவரி 1 அன்று ஜோர்ஜ்டவுன் அரச ஆவணத்தின் வழி மாநகர் எனும் தகுதி பெற்றது. அதன் முதல் மேயர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி. எஸ். இராமநாதன் என்பதைத் தமிழ் மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. அம்மன்றம் மின்சாரம், குடிநீர், பேருந்துச் சேவை ஆகியவற்றைத் தானே நடத்தியது. அவற்றின் வருவாய் மன்றத்தின் கருவூலத்துக்கே சென்றது. தன் வருவாயைத் தானே ஈட்டித் தன் உறுப்பினரை மக்களே தெரிவு செய்த ஓர் உள்ளாட்சி எவ்வாறு இயங்கும் என்பதற்கு நம் வரலாற்றில் கிடைக்கும் தெளிவான சான்று இதுவே. மாநிலத்தில் ஒரு கட்சியும் மாநகரில் அதற்கு எதிரான கட்சியும் ஆட்சி புரிந்தமையால் உரசல் எழுந்ததும் உண்மை.

1965 மார்ச்சில், இந்தோனேசியாவுடனான கொன்ஃபிரான்தாசியைக் காரணம் காட்டி, நெருக்கடிக்கால விதிகளின்கீழ் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. 'நிறுத்தி வைத்தல்' என்னும் வினை மீண்டும் தொடங்குதலைத் தன்னுள் கொண்டது. அதே ஆண்டில் உள்ளாட்சி மன்றங்களின் செயற்பாட்டை ஆராய, மேலவை உறுப்பினர் ஆதி நாகப்பன் தலைமையில் அரச ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. சில மன்றங்களின் நிருவாகத்தில் முறைகேடுகள் இருப்பதாக அக்காலத்தில் குற்றச்சாட்டுகள் எழுந்திருந்தன. அவற்றை நாம் மறைக்க வேண்டியதில்லை. 1966-இல் ஜோர்ஜ்டவுன் மாநகர மன்றத்தின் பொறுப்புகளை மாநில முதலமைச்சரே ஏற்றுக்கொண்டார். இச்சூழலிற்கூட, 1968 டிசம்பரில் பணியை முடித்த ஆணையம், நியமன முறையைவிடத் தேர்தல் முறையே ஏற்றது என்னும் முடிவுக்கு வந்தது. அறிக்கை மக்கள் பார்வைக்கு வர மேலும் சில ஆண்டுகள் ஆயின. தேர்தலை மீட்கும் பரிந்துரையை அரசு ஏற்கவில்லை. தமிழர் ஒருவர் தலைமை தாங்கிய இவ்வறிக்கையை நம் கல்வி நிலையங்கள் போதிய அளவு பயிலவில்லை என்பது என் கருத்து. தலைமை தாங்கியவரின் இனத்துக்காக நான் இதைக் கூறவில்லை. வரி, கடன், மானியம், ஆள்பலம் என உள்ளாட்சியின் எலும்புக்கூட்டையே ஆராய்ந்த ஆவணம் என்பதற்காகக் கூறுகிறேன்.

அதன்பின் 1973-இல் இடைக்காலச் சட்டமும், 1976-இல் இன்றுவரை நடைமுறையிலுள்ள உள்ளாட்சிச் சட்டமும் வந்தன. தீபகற்பத்தில் இருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட சிறு மன்றங்கள் இணைக்கப்பட்டு, எண்ணிக்கை நூற்றுக்கும் கீழே குறைந்தது. மொழியியல் பயின்றவன் என்ற முறையில் இச்சட்டத்தின் சொற்களைச் சற்று நின்று நோக்க விரும்புகிறேன். சட்டத்தின் தலைப்பில் 'கெராஜாஆன் தெம்பாத்தான்' என்றிருக்கிறது. கெராஜாஆன் என்பது அரசு. உள்ளே பிரிவுகளைப் படித்தால் அரசைக் காண இயலாது. அங்கே இருப்பது 'பீஹாக் பெர்குவாசா தெம்பாத்தான்', அதாவது வட்டார அதிகாரத் தரப்பு. தலைப்பு ஆட்சி என்கிறது, உடல் அதிகாரம் என்கிறது. நாம் வழங்கும் 'நகராண்மை' என்னும் சொல்லிலோ ஆளுதல் என்னும் வேர் இன்னும் இருக்கிறது.

10-ஆம் பிரிவின்படி, மேயர் அல்லது தலைவரோடு எட்டுக்குக் குறையாமலும் இருபத்து நான்குக்கு மிகாமலும் உறுப்பினரை மாநில அரசு நியமிக்கிறது. தேர்தல் தொடர்பான சட்டங்கள் எல்லாம் செயலிழக்கும் என்கிறது 15-ஆம் பிரிவு. 1965-இல் நிறுத்தி வைக்கப்பட்டது 1976-இல் நீக்கப்பட்டது. இரு வினைகளுக்கும் இடையே பதினோர் ஆண்டுகள்.

இனி நிதி. மாணவர் பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. நில உரிமையாளர் செலுத்தும் நிலவரி, மலாயில் 'சுக்காய் தானா', மாநில அரசுக்குச் செல்கிறது. வீட்டுக்கும் கடைக்கும் செலுத்தும் மதிப்பீட்டு வரியே உள்ளாட்சிக்கு உரியது. இதனைப் பேச்சுவழக்கில் 'சுக்காய் பிந்து' என்பர். நேர்ப்பொருளில் கதவு வரி. வடிகால், தெருவிளக்கு, குப்பை அகற்றல் ஆகியவற்றின் முதன்மையான ஊற்று இதுவே. ஆனால் 127-ஆம் பிரிவின்படி மாநில அரசின் ஒப்புதலோடுதான் இவ்வரியை விதிக்கலாம். உச்ச வரம்பையும் 130-ஆம் பிரிவு வரையறுக்கிறது. ஆண்டு மதிப்பை அடிப்படையாகக் கொண்டால் 35 விழுக்காடு. கடன் பெறவும் ஒப்புதல் வேண்டும். வழிபாட்டிடம், பொதுப்பள்ளி, இடுகாடு போன்றவற்றுக்கு 134-ஆம் பிரிவின்படி வரிவிலக்கு அளிப்பதும் மாநில அரசே. விலக்கு அளிப்பவர் ஒருவர், வருவாய் இழப்பவர் மற்றொருவர்.

இதனினும் நுட்பமான ஒன்று கூட்டரசு அரசமைப்பின் 156-ஆம் விதியில் உள்ளது. பொதுப்பணிக்காகக் கூட்டரசோ மாநிலமோ பொது அமைப்போ பயன்படுத்தும் நிலமும் கட்டடமும் உள்ளாட்சி வரிக்கு உட்பட்டவையல்ல. மாறாக, இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும் ஒரு தொகையை அவை வரிக்கு உதவியாக 'வழங்க' வேண்டும். வரி என்பது கடமைச் சொல். பங்களிப்பு என்பது கொடைச் சொல். அரசு அலுவலகங்கள் நிறைந்த ஒரு நகரில் அவ்வலுவலகங்களின் சாலையையும் வடிகாலையும் பேணுவது மன்றத்தின் கடமை. அதற்கான தொகையோ பேச்சுவார்த்தைக்கு உரியது. 1981-ஆம் ஆண்டின் மானியச் சட்டம் மாநிலங்களின் வழியே மன்றங்களுக்குக் கூட்டரசு உதவிக்கு வழிவகுத்தது. பயனுள்ள ஏற்பாடே. எனினும், மானியம் மன்றத்தின் பெயரில் அமையாமல் மாநிலத்தின் கைவழியே வருவதை நோக்குக.

இதற்கெல்லாம் வேர் தகுநிலையில் இருக்கிறது. அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில், உள்ளாட்சி மாநிலப் பட்டியலிலுள்ள ஒரு விடயம் மட்டுமே. 1960-இல் சேர்க்கப்பட்ட 95ஏ விதியின்படி அமைந்த தேசிய உள்ளாட்சி மன்றத்தில் கூட்டரசு அமைச்சர் தலைமை வகிக்கிறார். மாநிலங்களும் கூட்டரசும் பேராளர்களைக் கொண்டுள்ளன. உள்ளாட்சிக்கென அமைந்த அவ்வவையில் உள்ளாட்சி மன்றங்களுக்கென ஓர் இருக்கையை அவ்விதி ஒதுக்கவில்லை. தனக்கென அமைந்த அவையில் தனக்கே இடமில்லாதவர், தன் பங்கை எங்கே நின்று கேட்பார்? நிதியும் தகுநிலையும் இரு வேறு கோரிக்கைகள் எனப் பலர் எழுதுகின்றனர். என் பார்வையில் இரண்டும் ஒன்றே.

தமிழரைப் பொறுத்தவரை இவ்வரலாற்றில் ஒரு வெற்றிடமும் உண்டு. அவசரகாலத்தில் உருவான புதுக்கிராமங்கள் பலவற்றுக்கு 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் தேர்ந்தெடுக்கப்பட்ட சிறு மன்றங்கள் கிடைத்தன. வரி வாங்கி, வடிகால் வெட்டி, கணக்குப் பார்த்து, அடுத்த தேர்தலில் கேள்விக்கு உள்ளாகும் பயிற்சி அங்கே நிகழ்ந்தது. தோட்டப்புறமோ தனியார் நிலம். லயத்துக்கு முன்னுள்ள கால்வாய் அடைத்துக்கொண்டால் மக்கள் போய் நிற்க வேண்டிய இடம் தோட்டத்து அலுவலகம். முறையீட்டைக் கேட்பவர் கிராணி, முடிவு செய்பவர் துரை. அங்கே மன்றமும் இல்லை, மதிப்பீட்டு வரியும் இல்லை, ஆதலின் கேட்கும் உரிமையும் இல்லை. நகரங்களில் தெருக்களைத் துப்புரவு செய்த நகராண்மைத் தொழிலாளருள் நம்மவர் மிகுதி. நகராண்மையைத் தேர்ந்தெடுக்கும் பழக்கமோ தோட்டத்து மக்களுக்கு வாய்க்கவேயில்லை. தோட்டங்கள் விற்கப்பட்டு மக்கள் நகர்ப்புறக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தபோது, கதவு வரிச் சீட்டை முதன்முதலாகக் கையில் வாங்கிய குடும்பங்கள் பல. அதற்குள் மன்றத் தேர்தல் சட்டத்திலிருந்தே நீங்கிவிட்டிருந்தது.

மீட்கும் முயற்சிகள் நின்றுவிடவில்லை. பினாங்கு மாநிலச் சட்டமன்றம் 2012-இல் உள்ளாட்சித் தேர்தல் சட்டம் ஒன்றை இயற்றியது. அரசமைப்பின் 113-ஆம் விதியின் நான்காம் கூறு, பிற தேர்தல்களையும் நடத்தத் தேர்தல் ஆணையத்துக்குக் கூட்டரசுச் சட்டமோ மாநிலச் சட்டமோ அதிகாரம் அளிக்கலாம் என்கிறது. பினாங்கு இதனையே பற்றுக்கோடாகக் கொண்டது. 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அச்சட்டம் செல்லாது என்றது. கூட்டரசுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு நடைமுறையில் இருக்க, அதற்கு முரணான மாநிலச் சட்டம் நிற்க இயலாது. 2018-இல் ஆட்சி மாறியபோது பேச்சு மீண்டும் எழுந்தது. இனப்பூசலுக்கு வழிவகுக்கும் என்று கூறி அன்றைய பிரதமர் அதனை ஏற்க மறுத்தார். அவ்வச்சத்துக்கு அடிப்படையே இல்லை என்று நான் கூறமாட்டேன். நகர மக்கள்தொகையின் இன அமைப்பு 1960-களில் இருந்தது போல் இன்று இல்லை என்பதை மட்டும் நினைவூட்டுவேன்.

113-ஆம் விதியின் நான்காம் கூறு அரசமைப்பில் இன்றும் இருக்கிறது. 15-ஆம் பிரிவும் 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படியே இருக்கிறது. மதிப்பீட்டு வரிச் சீட்டு ஆண்டுக்கு இருமுறை வருகிறது.